பண்ணைக் கேவியர் வாங்கினால் ஸ்டர்ஜன் பிழைக்குமா?

ஈசூனிலிருந்து ஹோட்டல் சமையலறை ஊழியர் ஒருவர் கேட்கிறார்: "எங்களுக்கு வரும் கேவியர் டின்களில் 'சி' என்ற எழுத்து இருக்கிறது, பண்ணைமீன் என்கிறார்கள். பண்ணைகளில் இவ்வளவு ஸ்டர்ஜன் இருக்கும்போது அது அழிகிறது என்பது ஏன்? டின்னில் எதைக் கவனிக்க வேண்டும்?"

கேவியர் என்பது ஸ்டர்ஜன் என்ற பெரிய மீனின் உப்பிட்ட முட்டை. ஆற்றில் பிடித்த மீனாக இருந்தால் 'சி' இருக்கும் இடத்தில் 'டபிள்யூ' இருக்கும். ஆகவே 'சி' நல்ல குறிதான். ஆனால் இனம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. பெரிய பெண்மீன் ஒன்று லட்சக்கணக்கில் முட்டையிடுவதால், சில தாய்மீன்களைக் கொண்டே பல குளங்களை நிரப்பிவிடலாம். எண்ணிக்கை பெருகும், மரபணுப் பன்மை பெருகாது, ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை உடன்பிறப்புகள். அத்தகைய குஞ்சுகளையே ஆண்டுதோறும் ஆற்றில் விட்டால், அடுத்த தலைமுறையில் உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்து, எஞ்சியிருக்கும் காட்டுமீன்களின் பன்மையும் குறையக்கூடும்.

ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றில் வசந்தத்தில் கடலிலிருந்து ஏறி முட்டையிடும் ஸ்டர்ஜன் கூட்டமும், இலையுதிர்காலத்திலேயே ஏறி ஆற்றில் குளிர்காலத்தைக் கழிக்கும் கூட்டமும் இருந்தன. 1972இலும் 1984இலும் முடிக்கப்பட்ட 'இரும்பு வாயில்' அணைகள் அவற்றின் வழியை அடைத்தன. இத்தகைய வேறுபாடுகளைக் காக்கும் நோக்கம் வணிகப் பண்ணைக்கு இல்லை. விரைவில் முட்டை தரும் மீனே அதற்குத் தேவை. அதனால்தான் பெலூகா என்ற ஸ்டர்ஜன் இனத்தையும் நன்னீரிலேயே வாழும் ஸ்டெர்லெட் என்ற இனத்தையும் கலந்த 'பெஸ்டர்' போன்ற கலப்பினங்கள் உருவாயின. ஸ்டர்ஜன் கலப்பினங்கள் பல மலடல்ல என்பதே என் பெரிய கவலை: தப்பி ஆற்றுக்குள் போனால் அவை காட்டுமீனோடு கலந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா மரபணுச் சோதனை தாய்வழியை மட்டுமே காட்டுவதால், கலப்பினத்தை அது தாயின் இனமாகவே அடையாளம் காட்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் பார்க்கலாம். ஆனால் ஸ்டெர்லெட்டுக்குச் சுமார் 120 குரோமோசோம்கள், ரஷ்ய ஸ்டர்ஜனுக்குச் சுமார் 240 என இனத்துக்கினம் எண்ணிக்கை வேறுபடுவதால் அந்த ஒப்பீடும் எளிதன்று. 2022இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம், எஞ்சிய 26 ஸ்டர்ஜன், துடுப்புமீன் இனங்களும் அழிவு அபாயத்தில் இருப்பதாக அறிவித்தது.

டின்னைத் திறந்தால் கிழியும்படி ஒட்டப்பட்ட லேபிளில் மீனினக் குறியீடு, 'சி' அல்லது 'டபிள்யூ' போன்ற மூலக்குறி, நாடு, அறுவடை ஆண்டு, ஆலையின் பதிவெண், தொகுதி எண் ஆகியவை இருக்க வேண்டும். சைபீரிய ஸ்டர்ஜனுக்கு 'பிஏஇ'. கலப்பினமாயின் இரு இனங்களின் குறியீடுகளும் இருக்கும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் டின்னைத் திருப்பி அனுப்புங்கள். வணிக இறக்குமதிக்குச் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகத்தின் சைட்டிஸ் (அழிவு அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை) அனுமதி தேவை என்பதால், அதன் நகலை விநியோகிப்பாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.