அறுந்தது ஒயர், மாற்றியது இசியு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வசிக்கிறேன். என்னுடையது நான்கு வருடப் பெட்ரோல் கார், வாரண்டி முடிந்துவிட்டது. ஜனவரியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடியது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, இன்ஜின் டெம்பரேச்சர் சென்சாருடன் தொடர்பு போய்விட்டது என்றார்கள். முதலில் சென்சாரை மாற்றினார்கள், சரியாகவில்லை. பிறகு 68,000 ரூபாய்க்குப் புது இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போட்டார்கள். பத்து நாளில் அதே விளக்கு மறுபடி எரிந்தது. ஜே.சி. ரோடு எலக்ட்ரீஷியன் ஒருவர், சென்சார் சாக்கெட் அருகே ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருப்பதைக் கண்டுபிடித்து 1,500 ரூபாயில் முடித்துக்கொடுத்தார். கேட்கப் போன என்னைப் பலர் முன்னால் அவமானப்படுத்தினார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் கார் இல்லாமல் அலைந்தோம். இப்போது 35,000 ரூபாய்க்குச் சர்வீஸ் கூப்பன் தருகிறார்களாம். சர்வீஸ் சென்டர், தயாரிப்பு நிறுவனம் இரண்டின் மீதும் 10 லட்சம் கேட்டு வழக்குப் போட விரும்புகிறேன்.

பதில்: அவமானம், அலைச்சல் இரண்டையும் ஓரமாக வையுங்கள். மூல வழக்கில் ஜெயித்தால் மன உளைச்சலுக்கு நுகர்வோர் ஆணையம் சிறு தொகை சேர்த்துத் தரும், அவ்வளவுதான். தயாரிப்பு நிறுவனத்தையும் விட்டுவிடுங்கள். அவர்களை இழுத்தால் உற்பத்திக் குறைபாட்டை நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். டீலரும் தாங்களும் தனித்தனி வியாபாரிகள் என்று சொல்லி அவர்கள் நழுவவும் பார்ப்பார்கள். இது சேவைக் குறைபாட்டு வழக்கு. கேள்வி ஒன்றுதான்: இசியு கெட்டுவிட்டது என்று எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தார்கள்?

பெரும்பாலான கார்களில் இந்தச் சென்சாருக்கு இரண்டே ஒயர். இசியு 5 வோல்ட் அனுப்பும், சூட்டுக்கேற்ப சென்சாரின் தடை மாறும். 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 90 டிகிரியை நெருங்கும்போது சில நூறு ஓம். ஒயர் அறுந்தால் பி0118 வகைக் கோளாறு பதிவாகும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் மைனஸ் 40 டிகிரி காட்டும். சூடு தெரியாததால் இசியு பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். நீங்கள் சொல்லும் அடையாளம் இதோடு பொருந்துகிறது.

சாக்கெட்டைக் கழற்றி, சாவியைப் போட்டு, மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். இசியு முனையில் 5 வோல்ட் இருந்து சென்சார் முனையில் இல்லையென்றால், கோளாறு இடையில் உள்ள ஒயரில். ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் செய்த வேலையை எழுதும் தாள்) இந்த அளவீடு இல்லையென்றால் இசியு மாற்றியதற்கு ஆதாரமே இல்லை. பதிவான கோட் ‘பி’யில் தொடங்கியதா ‘யு’வில் தொடங்கியதா என்றும் பாருங்கள். ‘யு’ என்றால் அது கேன் நெட்வொர்க் (காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) சிக்கல், அவர்கள் பக்கம் ஓரளவு பேச இடம் உண்டு. கோளாறை அழிப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, இப்படிப்பட்ட வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழிக்கு வருகிறேன். புது இசியு போட்டதும் பத்து நாள் கார் ஒழுங்காக ஓடியது. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும்: “இசியுவும் கெட்டிருந்தது, மாற்றினோம், சரியானது. ஒயர் பிறகு அறுந்தது, எலிகூடக் கடித்திருக்கலாம். வெளி மெக்கானிக் கைவைத்த வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல.” உண்மையில் இசியு மாற்றும்போது ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) அசைந்து, அறுந்த முனைகள் தற்காலிகமாகத் தொட்டிருக்கும். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. சேவைக் குறைபாட்டைப் புகார்தாரரே நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அதற்கு உங்களிடம் இருக்க வேண்டிய பொருள் பழைய இசியு. ஜாப் கார்டின் அடியில் ‘பழைய பாகங்கள் வேண்டும் / வேண்டாம்’ என்று சின்னக் கட்டம் இருக்கும். சர்வீஸ் அட்வைசரே ‘வேண்டாம்’ டிக் போட்டு நீட்ட, பலர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் நகலை இன்றே எடுத்துப் பாருங்கள். டிக் எதில் இருந்தாலும் பழைய இசியுவைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். திருப்பி அனுப்பிவிட்டோம் என்றால் சீரியல் எண்ணும் அனுப்பிய சீட்டும் கேளுங்கள். கையில் கிடைத்தால் பிரிக்காமல் சீல் வைத்துவிடுங்கள். அதை ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்தில் நீங்கள் மனு போடலாம், ஆய்வுக் கட்டணம் உங்கள் தலையில்தான். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இணைந்த இசியு என்றால் சோதிக்க உங்கள் காரின் சாவியும் தேவைப்படும்.

அடுத்து ஜே.சி. ரோடு பில். ‘ஒயரிங் வேலை 1,500’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதற்கும் உதவாது. எங்கே அறுந்திருந்தது, என்ன அளந்தார் என்று அவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். வெட்டியெடுத்த ஒயர்த் துண்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அதன் செம்பில் பச்சை பூத்திருந்தால் நெடுநாள் கோளாறு என்று வாதிடலாம், பல் தடம் இருந்தால் அவர்கள் கதைக்கு வலு கூடும். வாட்ஸ்அப் ஒப்புதல்களைத் தாக்கல் செய்வதென்றால் மின்னணு ஆதாரங்களுக்கான பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்.

பழைய இசியு கிடைக்கவில்லை, எலக்ட்ரீஷியனும் எழுதித் தரமாட்டார் என்றால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்யுங்கள். அவை கையில் இருந்தாலும் முதலில் சமரசத்தையே முயலச் சொல்வேன். வழக்கை முடிக்கச் சட்டம் சொல்வது 3 மாதம், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதம். நடைமுறையில் அதில் முடிவதில்லை. கூப்பன் வேண்டாம். அது உங்களை மறுபடி அதே வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். 68,000 கேளுங்கள், வங்கிக் கணக்கில் 50,000 வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் காருக்குக் கோடிங் செய்த இசியுவை அவர்கள் வேறு காருக்கு எளிதில் விற்க முடியாது, முழுத் தொகைக்கு இறங்க மாட்டார்கள். நீட்டும் தாளில் ‘பழைய இசியு பழுதடைந்திருந்தது’ என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். புது இசியுவுக்கான உதிரிபாக வாரண்டி தொடரும் என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே ‘முழுத் தீர்வு’ என்று கையெழுத்து.

பேச்சுவார்த்தை நடப்பதால் காலவரம்பு நீளாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 69ஆம் பிரிவின்படி வழக்குப் போட 2 ஆண்டு. இசியு பில் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.