புத்தகக் கடைக்குள் ஒரு நடிகை

கேள்வி: 1999இல் வந்த 'நொட்டிங் ஹில்' படத்தை அம்மாவோடு இருந்து பார்த்தேன். உலகமே அறிந்த ஹொலிவூட் நடிகை, லண்டனில் வியாபாரமே இல்லாத ஒரு சின்னப் புத்தகக் கடைக்காரனைக் காதலிக்கிறாளாம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கு நம்பவே முடியவில்லை. நடக்காத கதையை ஏன் எல்லாரும் இப்படி விரும்பிப் பார்க்கிறார்கள்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நடக்கிற காரியம் இல்லைத்தான், தங்கச்சி. சென்னை நடிகை ஒருத்தி காலி வீதியில் காரை விட்டு இறங்கினாலே சனம் கூடிவிடும், அப்படியிருக்க அந்த நடிகையாக வருகிற ஜூலியா றொபேர்ட்ஸ் மாதிரி ஒருவர் தனியே கடை ஏறி இறங்குவதை யார் நம்புவார்? ஆனால் காதல் நகைச்சுவைப் படம் என்றால் அப்படி ஒரு பெரிய பொய்யை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் பார்க்க உட்காருகிறோம். அதற்குப் பிறகு அந்த ஆட்கள் மனிசர் மாதிரி நடக்கிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன்.

அந்த இராச் சாப்பாட்டுக் காட்சியை இன்னொருக்கால் போட்டுப் பாருங்கள். தன் தங்கையின் பிறந்தநாளுக்கு, கடைக்காரனாக வருகிற ஹியூ கிராண்ட் அந்த நடிகையைக் கூட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போகிறார். அவள் யாரென்றே தெரியாத ஒரு நண்பர், நடிகர்களுக்குச் சம்பளம் மோசமாமே என்று இரக்கப்பட்டு, கடைசிப் படத்துக்கு எவ்வளவு தந்தார்கள் என்று கேட்கிறார். 15 மில்லியன் டொலர் என்கிறாள் அவள், மனிசனுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அப்புறம், மிஞ்சிய ஒரேயொரு பிரவுணித் துண்டு ஆகப் பாவப்பட்டவருக்கு என்று தீர்மானித்து, ஒவ்வொருவராகத் தங்கள் கவலையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருத்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள், பிள்ளை பெறவும் முடியாது என்கிறாள். நடிகையும் விடவில்லை, 19 வயதிலிருந்து டயட், கிட்டத்தட்ட பத்து வருஷமாகப் பசியோடேயே இருக்கிறேன் என்று தன் பங்குக்குச் சொல்கிறாள். அவர்களோ பிரவுணிக்காகப் போடுகிற நாடகம் என்று அவளையும் நக்கலடிக்கிறார்கள்! ஒரு துண்டு கேக்குக்குக்கூடத் தனக்குத் தனி மரியாதை தராத அந்த மேசையில்தான் அவள் நிம்மதியாகச் சிரிக்கிறாள், அவனை அவள் ஏன் விரும்புகிறாள் என்ற கேள்விக்கு எனக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. கதையை எழுதிய ரிச்சர்ட் கேர்ட்டிஸுக்கு முதலில் வந்த யோசனையே, உலகப் புகழ்பெற்ற ஒருவரைத் திடீரென்று நண்பர் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனால் எப்படி இருக்கும் என்பதுதான்.

அதேபோல, கடைசிப் பக்கத்தில் அவள் கடைக்கே வந்து தன்னைக் காதலிக்கச் சொல்லிக் கேட்க, அவன் மாட்டேன் என்கிறானே, அதுவும் முழுக்க நம்பக்கூடியது. அவள் ஒருமுறை விட்டுப்போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகம்தான் சுவரில் இருக்கும், அதைத் தாங்க முடியாது என்று பயப்படுகிறான். சாதாரண மனிசன் ஒருவனுக்கு இந்தப் பயம் வராவிட்டால்தான் நான் நம்பமாட்டேன்.

முடிவு மட்டும் எனக்குச் சரிவரவில்லை. அப்படி ஒரு நியாயமான பயத்தைக் காட்டிவிட்டு, நண்பர்களோடு காரில் விழுந்தடித்து ஓடி, பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டவுடன் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பயம் எங்கே போனது? படம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனாலும் அம்மா அழுததில் பிழையில்லை.

கேள்வி: தமிழில் இப்படி ஒரு படத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: யோசிக்கவே தேவையில்லை ஐயா, 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. இளைஞரான முத்துராமன் கிழவேஷம் போட்டு நண்பனுக்கே அப்பாவாக வருவதை நிஜத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அந்த நண்பனை வேலையை விட்டுத் துரத்திய அதே பாலையா, தன் மகளைக் காதலிக்கிற அவனுடைய தகப்பன் பெரிய பணக்காரர் என்றதும் குழைகிற குழைவு இருக்கிறதே, அதைக் கலியாணம் பேசப்போன எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! அவருடைய அந்தப் பேராசை உண்மையாக இருப்பதால்தான் அந்தக் கிழவேஷமும் செல்லுபடியாகிறது. நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல பாலையா நடுங்குகிற காட்சிக்காகவே பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள்.