காரைக் கொடுப்பதா, விற்பதா? முதலில் ஆர்சியைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். 2011-ல் வாங்கிய ஐ10 பெட்ரோல் கார், கேஏ-03 பதிவு, என் பெயரில் இருக்கிறது. 64,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) முடிய இன்னும் நான்கு மாதம். பார்வை மங்கிவிட்டதால் இனி ஓட்டப்போவதில்லை, புதுக் காரும் வாங்கப்போவதில்லை. ஓசூர் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. “நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், 80ஜி வருமான வரிச் சலுகை ரசீதும் தருகிறோம்” என்று ஒருவர் போனில் சொல்கிறார். அவர் இல்லத்தைச் சேர்ந்தவர் இல்லை, ஏற்பாடு செய்து தருபவராம். டீலர் ஒருவர் 70,000 ரூபாய்க்குக் கேட்கிறார். மருமகன் ஸ்கிராப்புக்குப் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: விற்றுவிடுங்கள். ஆர்சிக்கு உயிர் இருக்கும் இந்த நான்கு மாதத்துக்குள் விற்று, வரும் பணத்தை இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு நீங்களே அனுப்புங்கள். இல்லத்துக்கு உதவ வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நிறைவேற அதுதான் நேர்வழி. நடுவில் நிற்கும் அந்தப் போன்காரருக்கு இதில் வேலையே இல்லை.

அவர் சொல்லும் 80ஜி ரசீதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல மனசுக்காரர்கள் பலர் ஏமாறும் இடம் அது. அந்தச் சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான். அரிசி மூட்டை, பழைய துணி, கட்டில், கார் என்று பொருளாகக் கொடுத்தால் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. இது சட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் பழைய காரைத் தானம் செய்து வரி குறைத்துக்கொண்டதாக உறவுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே காருக்கு 80ஜி ரசீது தருகிறேன் என்பவர் ஒன்று சட்டம் தெரியாதவர், இல்லை பொய் ரசீது எழுதுபவர். பொய் ரசீதை வைத்து நீங்கள் கணக்குத் தாக்கல் செய்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

பணமாகக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இருந்தால் சலுகை கிடையாது. செக், யுபிஐ, வங்கி மாற்று, எதுவானாலும் தடயம் இருக்க வேண்டும். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி சலுகையே இல்லை. அப்படியானால் ரசீது பற்றிய கவலையை விட்டுவிட்டு நிம்மதியாகக் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை. 70,000 வந்தால் முழுதும் உங்களுடையது.

சரி, இல்லத்துக்குப் பணத்தைவிட வண்டிதான் அவசரத் தேவை என்றால்? ராத்திரியில் மூச்சுத்திணறல் வந்த பெரியவரை ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு கார் வேண்டும் என்று இல்லத்தின் நிர்வாகியே உங்களிடம் சொல்லியிருந்தால்? அப்போது கொடுக்கலாம். ஆனால் உங்கள் காரைப் பொறுத்தவரை நடுவில் மாநில எல்லை இருப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தானம் என்று ஆர்டிஓவில் தனி வழி எதுவும் கிடையாது. விற்றாலும் கொடுத்தாலும் அதே பெயர் மாற்றம்தான். வண்டி வெளிமாநிலத்துக்குப் போவதால் முதலில் உங்கள் ஆர்டிஓவில் ஃபாரம் 28 போட்டு என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். அதற்கு அபராத பாக்கி, வரி பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. இது திருட்டு வண்டி இல்லை, குற்ற வழக்கில் சிக்கியதில்லை என்ற போலீஸ் சரிபார்ப்பும் வேண்டும். என்ஓசி கிடைத்த பிறகு அவர்கள் ஓசூரில் ஃபாரம் 27 கொடுத்து டிஎன்-70 நம்பர் கேட்க வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும், பெயரையும் மாற்ற வேண்டும். ஆர்சி டிரஸ்டின் பெயரிலேயே வர வேண்டும், நிர்வாகியின் மச்சான் பெயரில் அல்ல. அதற்கு டிரஸ்ட் பத்திரம், பான் கார்டு, “இந்த நம்பர் வண்டியை ஏற்றுக்கொள்கிறோம்” என்ற தீர்மான நகல் எல்லாம் அவர்கள் தர வேண்டும். இவ்வளவும் நடந்து முடிவதற்குள் உங்கள் நான்கு மாதம் கரைந்துவிடும். ஆர்சி காலாவதியாகிவிட்டால் கம்ப்யூட்டரே பெயர் மாற்றத்தை ஏற்காது. முதலில் மறுபதிவு, பிறகுதான் மற்றவை.

மறுபதிவுக்கு 2022 ஏப்ரலில் இருந்து காருக்கு 5,000 ரூபாய். பசுமை வரி இதில் சேராது. எமிஷன் சர்டிபிகேட்டும் நடப்பு இன்ஷூரன்ஸும் கையில் இருக்க வேண்டும், வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். தாமதமானால் மாதம் 500 ரூபாய் கூடுகிறது. மறுபதிவு விண்ணப்பமான ஃபாரம் 25-ஐ ஆர்சி முடியும் தேதிக்கு 60 நாளுக்கு முன்னதாகக் கொடுக்க முடியாது என்பதால் இன்றைக்கே போய்ப் புதுப்பித்துவிடவும் வழியில்லை. அதன்பிறகு இல்லத்துக்குச் செலவு ஆரம்பிக்கிறது. 1,000 சிசியைத் தாண்டி 1,500 சிசி வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி, வருடம் 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. டிரைவர் சம்பளம், டயர், பேட்டரி, கிளட்ச் என்று மற்றவை வரிசையில் நிற்கும். இத்தனையும் தெரிந்து “எங்களுக்கு வண்டிதான் வேண்டும்” என்று நிர்வாகி எழுத்தில் கொடுத்தால் கொடுங்கள், மறுபதிவையும் என்ஓசியையும் உங்கள் செலவில் முடித்துவிட்டே கொடுங்கள். வாயால் மட்டும் சொன்னால் வேண்டாம்.

ஒரு கார் ஓசூருக்குப் போக இத்தனை ஃபாரம் எதற்கு? ஒரே நாடு, ஒரே வாகன டேட்டாபேஸ், உங்கள் கார் கேஏ-03-இல் இருப்பது ஓசூர் அலுவலகத்தின் திரையிலும் தெரிகிறது. இருந்தும் வயதானவர்களைக் காகிதத்துடன் இரண்டு மாநிலத்துக்கு அலைய விடுகிறார்கள். இந்த அலைச்சலைக் காட்டித்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

இனி விற்பனை. இதில் நீங்கள் பயப்பட வேண்டியது விலை குறைவதற்கு அல்ல. வண்டி வாசலை விட்டுப் போன பிறகும் ஆர்சியில் உங்கள் பெயர் இருப்பதற்கு. 2007-ல் ஒருவர் விற்ற கார் பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. பெயர் மட்டும் முதல் ஆளுடையதாகவே பதிவில் இருந்தது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நவீன் குமார், விஜய் குமார் வழக்கு அது. விற்றுவிட்டேன், சாவியைக் கொடுத்துவிட்டேன் என்பது அங்கே எடுபடவில்லை.

டீலர்கள் செய்வது என்ன தெரியுமா? பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் உங்கள் கையெழுத்தை வாங்குவார்கள். ஃபாரம் 30-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் பாதி விற்பவருக்கு, கீழ்ப் பாதி வாங்குபவருக்கு. கீழே பெயர் எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருக்கும். தேதி இருக்காது. சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சை மட்டும் ஒட்டியிருப்பார்கள். “கஸ்டமர் கிடைத்ததும் நிரப்பிக்கொள்கிறோம் சார்” என்பார்கள். அந்த வெறுமையான கோட்டுக்காகத்தான் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாள் ஒரு டீலரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், மாதங்கள் ஓடும், சிக்னல் அபராதமெல்லாம் உங்கள் மொபைலுக்கு வந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று செட் கையெழுத்து கேட்டாலோ, வெற்று ஃபாரம் 28-யும் நடுவில் செருகியிருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். என்ஓசி கிடைத்தால் வண்டி எந்த மாநிலத்துக்கும் போகலாம்.

இதற்காகத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்தது. ஆர்டிஓவில் அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, ஃபாரம் 29சி மூலம் அதை ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆள் கிடைக்கும்வரை பொறுப்பு டீலருடையது. நல்ல விதி. ஆனால் இதைச் சொல்லும் டீலரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேட்டால் “அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார்” என்று மழுப்புகிறார்கள், கட்டாயப்படுத்த வேண்டிய அலுவலகமோ கண்டுகொள்வதில்லை. உங்கள் டீலரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: உங்களிடம் அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறதா? 29சி இன்றைக்கே போடுவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் 70,000-க்கே கொடுக்கலாம். இல்லையென்றால் வண்டியை ஓட்டப்போகிற ஆளிடமே நேரடியாக விற்பது மேல். பழக்கமான மெக்கானிக்கிடம் சொல்லிவையுங்கள். நன்றாகப் பராமரித்த, 64,000 கி.மீ. மட்டுமே ஓடிய ஒரே ஓனர் வண்டிக்கு ஆள் கிடைப்பார்.

நேரடியாக விற்கும்போது வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மீதி இருக்கும் காலி இடங்களில் குறுக்கே கோடு இழுங்கள். உங்கள் ஆதார் நகல் மேல் “கேஏ-03 … பெயர் மாற்றத்துக்கு மட்டும்” என்று தேதியோடு எழுதுங்கள். சாவி கொடுக்கும் அன்று டெலிவரி நோட் ஒன்று வேண்டும். தேதி மட்டும் போதாது, மணி, நிமிடம், ஓடிய கி.மீ., வாங்குபவரின் கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். அன்று மாலை 6 மணிக்கு நடந்த விபத்துக்கு 4 மணி 20-க்கே வண்டி கைமாறியது என்று காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவரான உங்கள் கடமை. வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். இப்போது இதெல்லாம் பரிவாகன் தளத்தில் ஓடிபி வழியாக நடக்கிறது. 2011-ல் கொடுத்த மொபைல் நம்பரை மாற்றியிருந்தால் ஓடிபி யாருக்கோ போகும். முதல் வேலையாக நம்பரைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காரைக் கடனில் வாங்கினீர்களா? கடன் அடைந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும், தானாக நீங்காது. வங்கியிடம் ஃபாரம் 35-ம் கடன் முடிந்த கடிதமும் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்தால்தான் நீங்கும். கிளை இடம் மாறியிருக்கும், வங்கியே இன்னொன்றுடன் இணைந்திருக்கும். இதற்கே சில வாரம் பிடிக்கலாம் என்பதால் இன்றே ஆர்சியைப் பாருங்கள்.

மருமகன் சொல்லும் ஸ்கிராப் உங்களுக்குப் பொருந்தாது. ஓடுகிற காரை ஏன் உடைக்க வேண்டும்? “15 வருஷம் ஆனால் ஓட்டவே கூடாது, எங்களிடம் போடுங்கள்” என்று சிலர் பயமுறுத்துவார்கள். டெல்லியில் வந்த கட்டுப்பாட்டைக் கர்நாடகத்துக்கு இழுத்துச் சொல்வது அது. இங்கே தகுதி இருந்தால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஸ்கிராப் செய்தால் கிடைக்கும் டெபாசிட் சர்டிபிகேட்டுக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை என்பது புதுக் கார் வாங்குபவருக்குத்தான் பெரிதாகப் பயன்படும். யாரும் வாங்காமல் போய் ஸ்கிராப்தான் என்று முடிவானால், அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்கு மட்டும் போங்கள். பழைய இரும்பு வாங்கும் குஜரிக் கடைக்கு வேண்டாம். எஞ்சின் ஒருவருக்கு, கதவு ஒருவருக்கு, சைலன்சரில் பிளாட்டினம் சேர்ந்த கன்வெர்ட்டர் இன்னொருவருக்கு என்று பிரித்து விற்றுவிடுவார்கள். உங்கள் நம்பர் பிளேட் வேறு ஏதாவது வண்டியில் ஏறும், ஆர்சி உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும்.

எந்த வழியில் போனாலும் பெயர் மாறியதை எம்பரிவாகன் ஆப்பில் உங்கள் கண்ணால் பார்க்கும்வரை இன்ஷூரன்ஸை ரத்து செய்யாதீர்கள். ஃபாஸ்டாக்கை மட்டும் சாவி கொடுக்கும் அன்றே மூடிவிட்டு, கண்ணாடியிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்தெடுங்கள். டோல் பணம் உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்க வேண்டாம்.