கணக்கு கேட்பவரைக் குழுவிலிருந்து நீக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் 72 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். எங்கள் வாட்ஸ்அப் குழுவின் அட்மினும் நான்தான். மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் விடியற்காலை நாலரை மணிக்கே ஃபார்வேர்டுகளை ஆரம்பித்துவிடுகிறார். நாங்கள் எந்த அறிவிப்புப் போட்டாலும் அதன் கீழே 'தண்ணீர் லாரிக் கணக்கு எங்கே?' என்று எழுதுகிறார். போன வாரம், வாடகைக்கு இருக்கும் இளைஞர்களைப் பற்றி இழிவாக எழுதினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. இரவு ஒரு மணி வரை சண்டை. ஒன்பது பேர் வெளியேறிவிட்டார்கள். அவரை நீக்கிவிடலாமா? அட்மின் என்ற முறையில் எனக்குச் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இருப்பவர் ஒருவர், புகார்கள் மூன்று. விடியற்கால ஃபார்வேர்டு வெறும் தொந்தரவு. இளைஞர்களைப் பற்றி எழுதியது அத்துமீறல். லாரிக் கணக்கு கேட்டது இரண்டிலும் சேராது. அது உறுப்பினரின் உரிமை. நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். மூட்டையைப் பிரிக்காமல் அவரை நீக்கினால், மற்ற 71 வீடுகளும் என்ன நினைக்கும் தெரியுமா? 'கணக்கு கேட்டாராம், தூக்கிவிட்டார்களாம்.' அவர் இளைஞர்களைத் திட்டியது யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே, உங்களுக்குப் பிடிக்காது என்றாலும், கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கேட்டதற்கு நீங்கள் எப்போதாவது பதில் சொன்னீர்களா? கடிதத்தில் அந்த வரியைத் தேடினேன், காணவில்லை. உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைப்பது உங்கள் கடமை. கோடையில் லாரிச் செலவு எவ்வளவு எகிறும் என்பது சென்னையில் குடியிருக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. போன மாதம் எத்தனை லாரி வந்தது, ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், என்ன விலை, யார் கையெழுத்துப் போட்டு இறக்கினார்கள் என்று ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதைப் படம் எடுத்துக் குழுவிலும் போடுங்கள். அதன் பிறகும் அதே கேள்வி வந்தால் விவாதம் வேண்டாம், அந்தப் படத்தையே மறுபடி அனுப்பினால் போதும். நானும் ஒரு காலத்தில் ஒரு குடியிருப்புக் குழுவின் அட்மினாக இருந்து, ஓயாமல் கேள்வி கேட்ட ஒருவரை எரிச்சலில் நீக்கியவன்தான். மூன்று மாதம் கழித்து லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோது, அவர் கேட்டதில் பாதி நியாயம் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனால் அவர் வீடு மாறியிருந்தார்.

அடுத்து, அத்துமீறல். இங்கே தயவு தாட்சண்யம் கூடாது, தாமதமும் கூடாது. குழுவில் யார் போட்ட செய்தியையும் எல்லோருடைய திரையிலிருந்தும் அழிக்கும் வசதியை அட்மின்களுக்கு வாட்ஸ்அப் 2022-இல் கொடுத்தது. முதலில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள். இளைஞர்கள் திருப்பித் திட்டியதையும் அதே கையோடு அழியுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அழித்தால் நீங்களும் சண்டையில் ஒரு கட்சி ஆகிவிடுவீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் 'அட்மின்கள் மட்டும் எழுதலாம்' என்று அமைப்பை மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் திறந்தால் போதும். நள்ளிரவில் யாரும் யாரிடமும் நியாயம் பேசி வென்றதில்லை.

அவருடைய வசைக்குப் பொதுவில் பதில் எழுதாதீர்கள். இப்படி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நல்ல மனநிலையில், சண்டை இல்லாத விவாதத்துக்குள் வந்தவர்களில் ஏறக்குறைய 35 சதவீதம் பேர் வம்பான பின்னூட்டம் எழுதினார்கள். மனநிலை கெட்டு, ஏற்கெனவே வம்பு நடக்கும் இடத்துக்கு வந்தவர்களில் அது 68 சதவீதம். அதாவது, வம்பர்கள் என்று தனியாக ஒரு சாதி இல்லை. இடமும் நேரமும் சேர்ந்தால் நானும் நீங்களும் வம்பர்கள்தான். உங்கள் இளைஞர்களுக்கு நடந்தது அதுவே. திரையில் வம்பு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ, அவ்வளவு பேர் அதில் வந்து சேர்வார்கள்.

விதிகள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலான குடியிருப்புக் குழுக்களில் கிடையாது. 'எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்பார்கள். தெரியாது. ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் விவாதத்துக்கு மேலேயே விதிகளை ஒட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. விதிகளுக்கு உட்பட்டு எழுதிய புதியவர்களின் விகிதம் எட்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. விதி போட்டால் ஆட்கள் பயந்து ஒதுங்குவார்கள் என்ற எண்ணத்துக்கு மாறாக, புதிதாக எழுத வந்தவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. உங்களுக்கு ஐந்தாறு வரி போதும்: குழு எதற்காக, எத்தனை மணி வரை, எதைப் போடக் கூடாது, மீறினால் என்ன நடக்கும். சாதி, மதம், சாப்பாடு, வாடகைக்கு இருப்பவரா சொந்த வீட்டுக்காரரா என்பதை வைத்து யாரையும் பேசக் கூடாது என்பது கட்டாயம் இருக்கட்டும். அதை நீங்கள் தனியாக எழுதாமல் பொதுக்குழுவில் வாசித்து நிறைவேற்றுங்கள். அப்போதுதான் நாளைக்கு அது 'செயலாளர் சட்டம்' ஆகாமல் இருக்கும்.

ஃபார்வேர்டு விஷயம் சின்னது. அறிவிப்புக்கு ஒரு குழு, அரட்டைக்கு ஒரு குழு என்று பிரித்துவிடுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதட்டும். அரட்டைக் குழுவில் நாலரை மணிக்கு அவர் ரோஜாப்பூ அனுப்பினால் அனுப்பிவிட்டுப் போகிறார். வேண்டாதவர்கள் ஒலியை நிறுத்திக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் அவர் மறுபடி இழிவாக எழுதினால், நீக்குங்கள். ஆனால் தனியாக முடிவெடுக்காதீர்கள். நிர்வாகக் குழுவில் மூன்று பேராவது ஒப்ப வேண்டும். முதல் முறை ஒரு வாரம் மட்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், குழுவில் அதற்கு விளக்க உரை எழுத வேண்டாம். இன்னொன்று, வாட்ஸ்அப் குழு வேறு, சங்கம் வேறு. குழுவில் இல்லாவிட்டாலும் அவர் சங்க உறுப்பினர்தான். கூட்ட அறிவிப்பும் கணக்கும் தாளில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் தொடர்ந்த வழக்கில், அட்மினாக இருந்தது மட்டுமே அவர் செய்தது என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆனால் இழிவான செய்திக்கு நீங்களே கைதட்டும் குறி போட்டிருந்தால், அல்லது தூண்டிவிட்டிருந்தால், இந்தப் பாதுகாப்பை நம்பாதீர்கள். மிரட்டலோ ஆபாசப் படமோ வந்தால் அது குழுவுக்குள் தீர்க்கும் விஷயமே இல்லை, காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கடைசியாக, அவரிடம் இதுவரை நேரில் பேசினீர்களா? மூன்றாவது மாடியில்தானே அவர் வீடு. இளைஞர்களைப் பற்றி எழுதியது தவறு என்பதை அங்கே, யாரும் பார்க்காத இடத்தில், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். போகும்போது லாரிக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். காலை ஆறு மணிக்கே போகலாம். எப்படியும் விழித்துத்தான் இருப்பார்.