இரண்டு வயதாகியும் பேசவில்லையே!

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். அம்மா, தாத்தா, ஹாலு (எங்கள் மொழியில் பால்) என்று ஏழெட்டு வார்த்தைதான் சொல்கிறான். நாங்கள் கோத்தகிரி பக்கம் படகர் குடும்பம். மாமியார் எங்கள் படகு மொழி பேசுவார், நாங்கள் தமிழும் பேசுவோம். இரண்டு மொழியால் குழம்பிவிட்டான், தமிழில் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள். மாமியார், "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், நாக்குல வசம்பு தேய்ச்சா போதும்" என்கிறார். காத்திருக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. 2 வயதில் சுமார் 50 வார்த்தையும், "பால் வேணும்", "அப்பா வா" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வதும் இருக்க வேண்டும். தாமதமாகத் தொடங்கித் தானாகவே பேசிவிடும் பிள்ளைகளும் நிறைய உண்டு, ஆனால் உங்கள் பையன் அந்த ரகமா என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

படகு மொழி பேசுவதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஹாலு என்பதும் ஒரு வார்த்தை, பால் என்பதும் ஒரு வார்த்தை, இரண்டையும் எண்ணுங்கள். பாட்டி தன் மொழியில் மனசு விட்டுப் பேசுகிற பேச்சை நிறுத்திவிட்டு வறண்ட தமிழில் நாலு வார்த்தை பேசினால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். வசம்பு பேச்சைக் கொண்டுவராது, அதை விட்டுவிடுங்கள்.

முதலில் காது. தட்டு விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானே என்பீர்கள், அது போதாது. நம் மலைக் குளிரில் பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் பலத்த சத்தம் கேட்கும், ஆனால் ச, ஸ மாதிரி மெல்லிய ஒலிகள் மங்கிப்போகும். வலி இருக்காது, அதனால் தெரியவும் தெரியாது. காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறன் பரிசோதனை செய்யுங்கள். ஓஏஇ, பெரா என்ற சோதனைகளைக் குழந்தை தூங்கும்போதே செய்யலாம், அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்கள், அவர்கள் மாவட்ட மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள், செலவில்லை.

பெயர் சொன்னால் திரும்பவில்லை, வேண்டியதை விரலால் காட்டவில்லை, பேசிய வார்த்தையை மறந்துவிட்டான் என்றால் நாள் தள்ளாமல் குழந்தை நல மருத்துவரிடம் ஓடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். வர்க்கி டப்பாவை நோக்கிக் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று வையுங்கள், பாட்டி உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார், பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகும். டப்பாவைக் கையில் எடுத்து, அவன் முகத்தைப் பார்த்து மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் ஒரு சத்தம் போட்டாலும், கையை நீட்டினாலும் "வர்க்கி! வர்க்கி வேணும்!" என்று நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "சொன்னால்தான் தருவேன்" என்று அழவைக்காதீர்கள், அதில் பேச்சு வராது, பிடிவாதம்தான் வரும். குளிப்பாட்டும்போது, கேரட் கழுவும்போது இதேபோல் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே இருங்கள். சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துவிடுங்கள். 2 வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது, அதிலும் குறைந்தால் நல்லது.

கேள்வி: 3 வயதுப் பேத்தி ரயிலை "லயில்" என்கிறாள். நாக்கு ஒட்டியிருக்கிறதா?
– வாசகர், குன்னூர்

பதில்: இந்த வயதில் இது சாதாரணம். ர, ற, ழ எல்லாம் கடைசியில் வரும் ஒலிகள், 5 வயதுகூட ஆகலாம். வெளியாட்களுக்கும் அவள் பேச்சு பெரும்பாலும் புரிகிறதென்றால் கவலை வேண்டாம், புரியவில்லையென்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். திருத்திச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல், "ஆமா, ரயில் வருது" என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும்.