விந்தில் சீழ்க்கலம்: மூன்றாம் தடவையும் அன்ரிபயோட்டிக் வேண்டுமா?

கேள்வி: வயது 33, களுவாஞ்சிக்குடி. கலியாணம் முடித்து இரண்டு வருடம், பிள்ளை இல்லை. விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை சரி. முன்னோக்கிய அசைவு 22 வீதம், சீழ்க்கலம் 10–12. பாமசியில் இரண்டு தடவை அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடித்தும் குறையவில்லை. திரும்பவும் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். சாதாரண நுணுக்குக்காட்டியில் உருண்டையாகத் தெரிபவற்றையெல்லாம் சில ஆய்வுகூடங்கள் சீழ்க்கலம், அதாவது வெண்குருதிக்கலம், என்றே எழுதிவிடுகின்றன. முதிராத விந்துக்கலங்களும் அதே தோற்றம்தான். இரண்டையும் பிரித்துக் காட்டும் பெரொக்சிடேஸ் சாயமிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்குருதிக்கலம் மில்லிலீற்றருக்கு 10 இலட்சத்தைத் தாண்டினால்தான் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

தாண்டியிருந்தால் அசைவு குறைந்ததற்கு அதுவே காரணமாகலாம். வெண்குருதிக்கலங்கள் இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8 போன்ற சைகைப் புரதங்களை விட்டு மேலும் கலங்களை அழைக்கின்றன. வந்து சேர்பவை கிருமியைக் கொல்லும் ஒட்சிசன் மூலிகங்களை உமிழ்கின்றன. விந்தணுவின் மென்சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம், காக்கும் நொதியம் சொற்பம். அதனால் இந்த மூலிகங்கள் தாக்கும்போது வால் தளர்கிறது, தலைக்குள் டிஎன்ஏ அறுபடுகிறது. கிருமி செத்த பிறகும் இந்த அழற்சி சில காலம் நீடிக்கலாம். கிருமியே இல்லாமல் புகைத்தலாலும் வரலாம். அன்ரிபயோட்டிக் அங்கே உதவாது.

விந்தணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதாக அறிக்கை சொன்னால் விடயம் வேறு. விதையில் அடிபட்டோ சத்திரசிகிச்சையாலோ குருதிக்கும் விந்தணுவுக்கும் இடையிலுள்ள தடுப்பு உடைந்து, உடம்பு அவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாக்கியிருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை உண்டு.

கடைசி அன்ரிபயோட்டிக் முடித்து இரண்டு வாரமாவது கழிந்தபின் விந்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையும், சிறுநீரில் கிளமீடியா, கொனோரியா சோதனையும் செய்யுங்கள். அரச பாலியல் நோய்க் கிளினிக்குகளில் இலவசமாகவும் இரகசியமாகவும் பார்ப்பார்கள். பாலியல் தொற்று என்று உறுதியானால் மனைவிக்கும் சேர்த்தே மருந்து; சிகிச்சை முடியும்வரை ஆணுறை. ஒருவர் மட்டும் குடித்தால் தொற்று திரும்பி வரும்.

மாதிரி கொடுக்க 2 முதல் 7 நாள் உறவு தவிர்த்திருங்கள். சிறுநீர் கழித்து, கழுவி, சவர்க்காரம் போக அலசித் துடைத்தபின் எடுங்கள். முதல் துளிகள் சிந்தினால் எண்ணிக்கை பொய்யாகும், அவற்றில்தான் விந்தணு செறிவு கூட. ஆய்வுகூடத்திலேயே எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் ஒரு மணித்தியாலம் கடந்தால் அசைவு தானாகவே குறைந்துவிடும்.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளிவர இன்னும் ஓரிரு வாரம். ஆகவே சிகிச்சையின் பலனை மூன்று மாதம் கழித்தே பாருங்கள். முந்திய மூன்று மாதத்துக்குள் டெங்கு போன்ற கடுங்காய்ச்சல் வந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதுவும் அறிக்கையைக் கெடுக்கும். டெஸ்டஸ்தரோன் ஊசியைத் தொடவே வேண்டாம், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். இந்த மூன்று மாதத்துக்குள் மனைவியின் பரிசோதனைகளையும் முடித்துவிடுங்கள். விதையில் திடீர் வலியோ வீக்கமோ வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.