வெள்ளி பூசிய மிக்-21 ஏன் பால்போல வெளுத்தது?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்கிறார்: “2025 செப்டெம்பரில் இந்திய விமானப் படை மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்த செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதில் ஒரு பிடிப்பு. லண்டனில் இருக்கும் மாமா 1/72 அளவு மாடல் பெட்டி ஒன்று அனுப்பினார். ஒட்டி முடித்து, டிசம்பரில் மழை விட்ட ஒரு பின்னேரம் விறாந்தையில் வைத்து லாக்கர் என்ற, வேகமாகக் காயும் வெள்ளிப் பெயின்டை ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிடத்தில் பால் தெளித்ததுபோல வெளுத்துவிட்டது. அதற்குமேல் ஒட்டிய டெக்கால்களை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்களை) சுற்றி மினுங்குகிற படலம் வேறு. போதாததற்கு, நிறுத்தினால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் குந்துகிறது. எல்லாவற்றையும் தின்னரில் கழுவிவிட்டுத் திரும்ப அடிக்கவா?”

முதலில் தின்னர் போத்தலை மூடி வையுங்கள், தம்பி. ஹார்ட்வெயார் கடைத் தின்னர் பெயின்டோடு நிற்காது, பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். கழுவி முடிக்கும்போது இறக்கை மெழுகுபோல இருக்கும். உங்கள் கையிலும் தப்பில்லை, கேனிலும் தப்பில்லை. நீங்கள் அடித்த நாள்தான் தப்பு.

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும் அல்லவா? லாக்கரும் அப்படித்தான். அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அந்த நேரம் காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல, காயாத பூச்சின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் படிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. கல்லடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் வாடையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். மழை விட்ட பின்னேரம் நல்ல நேரம்போலத் தோன்றும். ஆனால் ஈரம் நிலத்திலிருந்து எழும்பும் நேரமே அதுதான்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். நவம்பர் முதல் ஜனவரி வரை வெட்டுவது, ஒட்டுவது, இடைவெளி நிரப்புவது, தேய்ப்பது, விமானி அறைக்குள் தூரிகையால் தண்ணீர் அக்ரிலிக் பூசுவது, இவ்வளவுதான். ஸ்பிரே வேலை எல்லாம் கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களுக்கு. அவ்வளவு நாள் பொறுக்க முடியாவிட்டால், மாரி முடிந்தபின் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் அடியுங்கள். கொடியில் போட்ட சேர்ட் மதியத்துக்குள் காயாத நாளில் கேனைத் தொடாதீர்கள். கச்சானிலும் ஒரு தொல்லை உண்டு, புழுதி. பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி அதற்குள் அடித்து, உடனே பிளாஸ்டிக் கூடையால் மூடி, மேலே நுளம்பு வலைத் துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். எனது முதல் விமானத்தின் இடது இறக்கையில் ஒரு நுளம்பு இன்றைக்கும் வெள்ளி பூசியபடி இருக்கிறது. நுளம்புக்குப் பயந்து பக்கத்தில் சுருள் மட்டும் கொளுத்த வேண்டாம். ஸ்பிரே வாயு தீப்பிடிக்கும். கதவு யன்னலைத் திறந்து வைத்து, இரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடி போடுங்கள். துணி முகமூடி இதற்கு உதவாது.

இனி, வெளுத்துப்போன விமானத்தை எப்படிக் காப்பாற்றுவது? மினுங்கும் டெக்கால்களை முதலில் ஒட்டுநாடாவால் உரித்து எடுத்துவிடுங்கள், அவை போனது போனதுதான். பிறகு காய்ந்த ஒரு நாளில் அதே வெள்ளியை 20, 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மிக மெல்லியதாக, புகைபோல அடியுங்கள். புதுக் கரைப்பான் பழைய பூச்சைச் சற்று இளக்கி, உள்ளே சிக்கிய ஈரத்தை வெளியே விடும். பாதி நேரம் இதுவே போதும். சொரசொரப்பு மிஞ்சினால், 2000 இலக்க எமரித் தாளைத் தண்ணீரில் தொட்டு மெதுவாகத் தேய்த்து, ஒரு நாள் காயவிட்டுத் திரும்ப அடிக்கலாம். அடிக்குமுன் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தினால் பெயின்ட் பொடியாகத் தெளிக்கும். கொதிநீரும் அடுப்பும் கூடவே கூடாது.

தடிப்பாக மட்டும் அடிக்காதீர்கள். 1/72 அளவில் பூச்சு 0.1 மில்லிமீட்டர் தடித்தால், நிஜ விமானத்தில் 7.2 மில்லிமீட்டர் பெயின்ட் அப்பியதற்குச் சமம். தகட்டுக் கோடுகள் எல்லாம் மூடிப்போகும். மூக்குக் கூம்பும் வால் செட்டையின் நுனியும் உலோகம் அல்ல, உள்ளே ராடாரும் அன்டெனாவும் இருக்கும் இடங்கள். அவற்றுக்குப் பச்சை பூசினால்தான் மிக்-21 மிக்-21ஆகத் தெரியும்.

டெக்கால் மினுங்கியதற்குக் காரணம் அடியில் அகப்பட்ட காற்று. வெளுத்த பூச்சு பார்வைக்குத்தான் வழுவழுப்பு, உண்மையில் மேடும் பள்ளமும். மெல்லிய டெக்கால் படலம் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்காது. ஆகவே டெக்காலுக்கு முன்னால் பளபளப்பான, நிறமில்லாத கிளியர் பூச்சு ஒரு கை அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். டெக்காலை இளக்கும் திரவம் கிடைக்காவிட்டால், வெள்ளை வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தடவலாம். கடைத் திரவத்தின் வேகம் அதில் இராது, ஆனாலும் வேலை செய்யும். பெட்டியோடு வந்த டெக்கால் தீர்ந்துவிட்டதால் புதுத் தாள் ஒன்றுக்கு மாமாவிடம் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக, வால் குந்தும் பிரச்சினை. மூக்குப் பக்கம் பாரம் போதாது, அவ்வளவுதான். வீச்சு வலையில் கட்டும் ஈயக் குண்டு இதற்குத் தோதானது. மூக்குக் கூம்பைக் கழற்ற முடிந்தால் அதன் பின்னால் வைக்கலாம். எத்தனை குண்டு என்பதை வெளியில் ஒட்டுநாடாவால் ஒட்டி நிறுத்திப் பார்த்தே தீர்மானியுங்கள். பலகை ஒட்டும் வெள்ளைப் பசையால் மட்டும் ஈயத்தை ஒட்ட வேண்டாம். வருடக் கணக்கில் ஈயம் அரித்து வெள்ளைத் தூளாகிப் பருத்து, உடலையே பிளந்துவிடும். இரண்டு குழாய் கலக்கும் எபொக்சிதான் சரி. ஈயம் தொட்ட கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கூம்பு கழறவே கழறாது என்றால், ஒரு பலகைத் துண்டில் சக்கரங்களை ஒட்டிவிடுங்கள். யாராவது தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.